கிணற்றுக்குள் ஒரு கொடைக்கானல்

எங்கள் பக்கம் காற்றுக்கே தாகம் எடுக்கும். விருதுநகரில் காலை எட்டு மணிக்குத் துவைத்துக் கொடியில் போட்ட வேட்டி, நீங்கள் காபியைக் குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்து வைப்பதற்குள் அப்பளம் மாதிரி விறைத்துக்கொண்டு நிற்கும். முகம் கழுவினால் துண்டு தேட வேண்டாம். கொஞ்ச நேரம் சும்மா நின்றால் போதும்.

வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டால் 'ஐயோ பாவம்' என்பார்கள். பாவமாவது ஒன்றாவது! இந்த வறட்சிதான் ஸார் எங்கள் மூலதனம். சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்து 1923-ல் இங்கே ஆரம்பித்தார்கள். மழை குறைச்சல், காற்றில் ஈரம் குறைச்சல். தீக்குச்சி சீக்கிரம் காய்ந்தது, மருந்து நமுத்துப் போகவில்லை. தீப்பெட்டிக்குப் பின்னால் பட்டாசு வந்தது. ரெண்டுக்கும் லேபிள் வேண்டுமே என்று அச்சகம் வந்தது. அச்சுக்கும் ஈரம் ஆகாது. காகிதம் ஈரக் காற்றைக் குடித்தால் உப்பும். உப்பினால் ஒரு கலர்மேல் இன்னொரு கலர் சரியாக உட்காராது. முருகன் காலண்டரில் வள்ளியின் உதட்டுச் சிவப்பு மூக்கின்மேல் போய் நிற்கும். நான் சிவகாசியில் முப்பது வருஷம் காலண்டர் வேலை பார்த்தவன். ஐப்பசி மழையில் இப்படி மூக்கு சிவந்த வள்ளிகள் நிறையப் பேரைப் பார்த்திருக்கிறேன்.

ஆக, ஈரம் எங்கள் ஜில்லாவுக்குத் தொழில் எதிரி. இப்படிப்பட்ட இடத்தில், ஈரம் இல்லாவிட்டால் உயிரையே விட்டுவிடுகிற ஒரு செடியை வளர்க்க ஒருத்தர் ஆசைப்பட்டால் என்ன ஆகும்?

ஆசைப்பட்டவர் என் மனைவி.

* * *

செடியின் பெயர் பாஸ்டன் ஃபெர்ன். ஃபெர்னுக்குத் தமிழில் பெரணி என்று பெயர். ப்ளஸ் டூ பாட்டனி புத்தகத்தை விட்டால் அந்த வார்த்தையை எங்கேயும் பார்த்திருக்க மாட்டீர்கள். ஆனால் செடியைப் பார்த்திருப்பீர்கள். பெரிய ஓட்டல் வரவேற்பறையில், டாக்டர் வீட்டு வராந்தாவில், தொங்குகிற சட்டியிலிருந்து நாலா பக்கமும் பச்சைப் பச்சையாக வழிந்துகொண்டு இருக்குமே, அதுதான். எங்கள் ஊர் பாஷையில் சொன்னால், பற்ற வைத்த புஸ்வாணம் உச்சிக்குப் போய்க் கீழே வளைகிற நேரத்தில் அப்படியே உறைந்து போனால் எப்படி இருக்கும், அப்படி. இளம் இலை வருகிற அழகு இன்னும் விசேஷம். தரைச்சக்கரம் மாதிரி சுருட்டிக்கொண்டு வந்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பிரியும். பாம்பு மாத்திரை பற்ற வைத்தால் சுருள் சுருளாக எழும்புமே, அதைப் பச்சையில் நினைத்துக்கொள்ளுங்கள்.

கொடைக்கானல் போன இடத்தில் ஒரு நர்சரியில் இதைப் பார்த்துவிட்டாள்.

"மேடம், இது செடி இல்ல மேடம். ஆக்ஸிஜன் ஃபாக்டரி. வீட்ல இருக்கிற புகை, தூசி, கெமிக்கல் எல்லாத்தையும் இழுத்துக்கும். நாசாவே சொல்லியிருக்கு" என்றான் பையன்.

பட்டாசு ஜில்லாவிலிருந்து வந்தவளிடம் புகையை இழுக்கும் என்று சொன்னால் போதாதா? 250 ரூபாய் கைமாறியது.

நாசா விஷயத்தை இங்கேயே முடித்துவிடுகிறேன். 1989-ல் நாசாவுக்காக ஓர் ஆராய்ச்சி நடந்தது நிஜம். காற்றுப் புகாத சின்னக் கண்ணாடிக் கூண்டுக்குள் செடிகளை வைத்துச் சோதித்தார்கள். கூண்டுக்குள் செடி காற்றைச் சுத்தம் பண்ணியது. ஆனால் வீடு கூண்டு இல்லையே? இந்த மாதிரிச் சோதனைகளையெல்லாம் ஒன்று சேர்த்து 2019-ல் கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள், சாதாரணமாக ஒரு கட்டடத்தில் காற்று வந்து போவதால் நடக்கிற சுத்தத்தைச் செடிகளால் செய்ய வேண்டுமானால் சதுர மீட்டருக்குக் குறைந்தது 10 செடி, போனால் 1,000 செடிகூட வேண்டும் என்றார்கள். எங்கள் வீட்டு ஹால் 120 சதுர அடி. ஆரம்ப விலையே 110 செடி ஆகிறது. நாங்கள் திண்ணையில் படுத்துக்கொள்ள வேண்டியதுதான். ஜன்னலைத் திறந்து வையுங்கள், செலவு மிச்சம். பெரணியை அழகுக்காக வாங்குங்கள், அழகு போதாதா?

வந்த செடி பஸ்ஸில் மடியிலேயே உட்கார்ந்து வந்தது. வீட்டில் ஹால் மேஜைமேல், ஃபேனுக்கு நேர் கீழே அம்மணிக்கு இடம். மூன்றாம் நாள் இலை நுனி காபிப் பொடி நிறமானது. ஐந்தாம் நாள் தொட்டால் உதிர்ந்தது. நல்ல தண்ணீர் ஊற்றினாள், ஈரத் துணி போர்த்தினாள். பக்கத்து வீட்டு அக்கா சொன்னாள் என்று எலுமிச்சம்பழம் சுற்றிப்போட்டாள். பத்தாம் நாள் பார்க்கும்போது தொட்டியில் தென்னந்துடைப்பத்தைத் தலைகீழாக நட்டு வைத்த மாதிரி இருந்தது.

"எல்லாம் உங்க சிவகாசிப் புகை!" என்றாள். சிவகாசி என் சொத்து என்பது அவள் அபிப்பிராயம்.

* * *

எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற தாவரவியல் வாத்தியார் ஒருவர் இருக்கிறார். பிரேத பரிசோதனைக்கு அவரைக் கூப்பிட்டேன். துடைப்பத்தைப் பார்த்தார், மேலே ஃபேனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"தங்கச்சி, இது காட்டுக்குள்ள, பெரிய மரத்துக்குக் கீழ, வெயிலே தரையில விழாத இடத்துல கெடக்கிற ஜாதி. அதுக்குச் சட்டியில தண்ணி இருந்தா மட்டும் பத்தாது. காத்துல தண்ணி இருக்கணும். நீங்க ஃபேனைப் போட்டு இலையில இருக்கிற தண்ணியையும் உறிஞ்சிட்டீங்க."

"அப்ப புகை காரணம் இல்லையா?"

"புகையினால பெரணி செத்த கதை ஒண்ணு இருக்கு. ஆனா அது விருதுநகர்ல இல்ல, லண்டன்ல" என்று உட்கார்ந்துகொண்டார். காபி வந்தது.

லண்டனில் நத்தானியல் வார்டு என்று ஒரு டாக்டர். பெரணிப் பைத்தியம். வீட்டுக்குப் பின்னால் கல் அடுக்கிப் பெரணி வளர்த்தார். ஊரெல்லாம் நிலக்கரிப் புகை. வைத்த செடியெல்லாம் செத்தது. வெறுத்துப் போய் விட்டுவிட்டார். 1829-ல் ஒரு கூட்டுப்புழு அந்துப்பூச்சியாகிறதைப் பார்க்கலாமென்று ஈர மண்ணோடு அதைக் கண்ணாடிப் பாட்டிலில் போட்டு மூடி வைத்தார். பூச்சியைவிட முக்கியமான விஷயம் ஒன்று நடந்தது. மூடின பாட்டிலுக்குள் ஒரு புல்லும் ஒரு பெரணியும் தானாக முளைத்தன! வெளியில் கெஞ்சிக் கூத்தாடியும் வராதது, உள்ளே அழையா விருந்தாளியாக வந்து உட்கார்ந்திருக்கிறது. பகலில் மண்ணிலிருந்து ஆவி எழும்பிக் கண்ணாடியில் படிகிறது, அப்புறம் சொட்டுச் சொட்டாக மண்ணுக்கே திரும்புகிறது. புகை உள்ளே வர வழியில்லை.

அந்தப் பாட்டில் பெரிதாகிக் கண்ணாடிப் பெட்டி ஆனது. கப்பல் மேல்தளத்தில் உப்புக் காற்றுக்குப் பயப்படாமல் செடிகளை மாசக்கணக்கில் கொண்டுபோக முடிந்தது. ராபர்ட் ஃபார்ச்சூன் என்கிற ஆசாமி சீனாவிலிருந்து ஆயிரக்கணக்கில் தேயிலைச் செடிகளை இமயமலைப் பக்கம் கடத்தி வந்தது இந்தப் பெட்டியில்தான். மலேரியா மருந்துக்கான சின்கோனா செடி தென் அமெரிக்காவிலிருந்து 1860-61 வாக்கில் நம் ஊட்டிக்கு வந்ததும் இதே பெட்டியில்தான். லண்டன் டாக்டர் வீட்டுப் பெரணி செத்ததில் நமக்கு லாபம்.

ஆனால் பெரணிகளுக்கு நஷ்டம். கண்ணாடிப் பெட்டி வந்ததும் இங்கிலாந்தில் பெரணி வெறி பிடித்தது. 'டெரிடோமேனியா' என்று 1855-ல் சார்லஸ் கிங்ஸ்லி என்கிற எழுத்தாளர் அதற்குப் பெயரே வைத்தார். சீமாட்டிகள் காட்டுக்குப் போய்க் கூடை கூடையாகப் பிடுங்கி வந்தார்கள். கில்லார்னிப் பெரணி என்ற ஓர் அபூர்வ ஜாதியைக் கண்டுபிடிக்கவே முடியாத அளவுக்குத் துடைத்து எடுத்துவிட்டார்கள். வெறி கப்பல் ஏறி இங்கேயும் வந்தது என்றாலும், இங்கே வந்ததில் ஓர் உருப்படியான காரியம் நடந்தது. மதராஸ் ராஜதானியில் வன அதிகாரியாக இருந்த பெட்டோம் என்பவர், தென்னிந்தியப் பெரணிகளையெல்லாம் படம் போட்டு 1863-64-ல் புத்தகம் கொண்டுவந்தார். அதற்கப்புறம் நம்மவர்கள் சும்மா இருக்கவில்லை. பாளையங்கோட்டை சேவியர் கல்லூரிப் பாதிரியார் வி.எஸ்.மாணிக்கம் பழனி மலைப் பெரணிகள் பற்றி 1986-ல் எழுதினார். 1992-ல் இருதயராஜோடு சேர்ந்து தென்னகத்து மேற்குத்தொடர்ச்சி மலை முழுவதற்கும் கணக்கு எடுத்துக் கொடுத்தார்.

"சீமைக்காரனைச் சொல்றோம், நாம மட்டும் லேசா?" என்றார் வாத்தியார். "முடவாட்டுக்கால் கேள்விப்பட்டிருக்கீங்கல்ல?"

கேள்விப்பட்டது என்ன, குடித்தே இருக்கிறேன். கொல்லிமலையில் மூட்டு வலிக்கு சூப் வைத்துக் கொடுப்பார்கள். பழுப்பு ரோமத்தோடு ஆட்டுக்கால் மாதிரியே இருக்கும். கிழங்கு என்றுதான் எல்லோரும் சொல்கிறோம். அது கிழங்கே இல்லையாம். பாறையிலும் மரத்திலும் தொற்றிக்கொண்டு ஊர்ந்து போகிற ஒரு பெரணியின் தண்டாம். ஒரு சாண் ஊர்ந்து வளர அதற்கு எத்தனை காலம் பிடிக்குமோ, நாம் அரை மணியில் கொதிக்க வைத்துவிடுகிறோம். மலைச் சோலைகளில் ஆள் உயரத்துக்குமேல் பனை மாதிரி நிற்கிற மரப்பெரணி இன்னொரு பரிதாபம். ஆர்க்கிட் செடி ஒட்டி வளர்க்க அதன் தண்டு தோதாக இருக்கிறதென்று உலகம் பூராவும் வெட்டித் தள்ளினார்கள். நாடு விட்டு நாடு விற்பதற்கு 1970-களிலிருந்து கட்டுப்பாடு இருக்கிறது.

என் மனைவி உடனே, "அப்ப நம்ம செண்பகத்தோப்புல பெரணி இருக்கும்ல? ஒரு எட்டுப் போய்ட்டு வருவமே?" என்றாள்.

இருக்கும். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே மலையடிவாரம், ஓடையோரம் கேட்பானேன். ஆனால் அது 1988-லிருந்து சாம்பல் நிற அணில் சரணாலயம். 2021 பிப்ரவரியிலிருந்து மேகமலையோடு சேர்த்துப் புலிகள் காப்பகம். ஒரு இலையைக் கிள்ளி எடுத்து வந்தாலும் வனவிலங்குச் சட்டப்படி குற்றம். பெரணிக்கு ஆசைப்பட்டு ஜாமீனுக்கு அலைகிற வயசா எனக்கு?

* * *

பெரணிகளின் குடும்பத்தைப் பற்றி ஒரு விஷயம். பூ கிடையாது, காய் கிடையாது, விதை கிடையாது. இலையைத் திருப்பிப் பாருங்கள். கீழ்ப்பக்கம் வரிசையாகப் பழுப்புப் புள்ளிகள் இருக்கும். பூச்சி விழுந்துவிட்டதென்று மருந்து அடித்தவர்கள் உண்டு. அது பூச்சி இல்லை. அத்தனையும் வித்துத்தூள். மூக்குப்பொடியைவிட நைஸ். காற்றில் எங்கே வேண்டுமானாலும் போகும். விழுந்த இடத்தில் ஈரம் இருந்தால் முளைத்து, சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னதாக, இதய வடிவத்தில் ஒரு பச்சைத் தகடு ஆகும். நிஜமாகவே இதய வடிவம், நான் கதை விடவில்லை. அந்தத் தகட்டில்தான் ஆண் அணு, பெண் அணு இரண்டும். ஆண் அணு நீந்தித்தான் பெண் அணுவிடம் போக வேண்டும். நீந்தத் தண்ணீர் வேண்டுமில்லையா? மேலே படலமாகக் கொஞ்சம் தண்ணீர் நின்றால்தான் கல்யாணம், அப்புறம்தான் நாம் பார்க்கிற செடி.

"கல்யாணத்துக்குத் தண்ணி இல்லேன்னா நடக்காதா? நம்ம ஊரு கதைதான்" என்றாள் மனைவி. முகூர்த்த நாளில் எங்கள் தெருவில் மாப்பிள்ளை அழைப்புக்கு முன்னால் டேங்கர் லாரி அழைப்பு நடக்கும்.

(பாஸ்டன் ஃபெர்ன் இதிலும் விதிவிலக்கு. 1894-ல் ஃபிலடெல்ஃபியாவிலிருந்து பாஸ்டனுக்கு அனுப்பின செடிகளில் ஒன்று மட்டும் இலை வளைந்து வித்தியாசமாக இருந்தது. அதன் வாரிசுகள்தான் இன்றைக்கு உலகம் பூராவும் தொங்குகின்றன. முளைக்கிற தூள் கிடையாது. கல்யாணமே இல்லாமல், ஓடுகொடி விட்டு விட்டே வம்சம் வளர்க்கும் பிரம்மச்சாரி.)

இந்த வித்துத்தூளுக்கும் எங்கள் ஊருக்கும் ஒரு சம்பந்தம் இருப்பதை வாத்தியார் சொன்னபோது நான் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டேன். பெரணிக்குச் சித்தப்பா முறையில் லைகோபோடியம் என்று ஒரு செடி. நம் மேற்குத்தொடர்ச்சி மலையிலும் அதன் ஜாதிகள் உண்டு. அதன் தூளைத் தூவி நெருப்பைக் காட்டினால் 'பக்' என்று பிடிக்கும். ஐரோப்பாவில் நாடக மேடையில் மின்னல் காட்ட, பேய் வர, வாணவேடிக்கைக்கு என்று அந்தக் காலத்தில் இதைத்தான் பயன்படுத்தினார்கள். பின்னாளில் ஃபோட்டோ பிடித்துப் பேர் வாங்கிய நீப்ஸ், தன் அண்ணனோடு சேர்ந்து 1807-ல் ஒரு எஞ்சின் செய்து படகை ஓட்டினார். பெட்ரோலுக்குப் பதில் இந்தத் தூள்!

பட்டாசு ஆயிற்றா? இப்போது அச்சுக்கு வாருங்கள். 1938 அக்டோபர் 22. நியூயார்க் பக்கம் அஸ்டோரியாவில் செஸ்டர் கார்ல்சன், கந்தகம் பூசின துத்தநாகத் தகட்டைக் கைக்குட்டையால் தேய்த்து மின்சாரம் ஏற்றி, எழுத்தெழுதின கண்ணாடியை வைத்து வெளிச்சம் காட்டி, மேலே லைகோபோடியம் தூளைத் தூவி ஊதினார். எழுத்து மட்டும் நின்றது. மெழுகுக் காகிதத்தில் ஒற்றி எடுத்தார். உலகத்தின் முதல் ஜெராக்ஸ் காப்பி. கந்தகம், காகிதம், தூள். ஸார், இதைப் போய் நியூயார்க்கில் கண்டுபிடித்திருக்கிறார்களே! எங்கள் ஊரில் அல்லவா கண்டுபிடித்திருக்க வேண்டும்?

* * *

வாத்தியார் எழுந்திருக்கும்போது போகிற போக்கில் ஒன்று சொன்னார்.

"நம்ம ஊர்ல ஈரம் எங்க இருக்கும்? கெணத்துக்குள்ளதான். அங்க எட்டிப் பாருங்க, பெரணி இருக்கும்."

பழைய செங்கல் கிணறுகளில், சுண்ணாம்புக் காரை வைத்துக் கட்டின சுவரில், தண்ணீர் மட்டத்துக்கு மேலே பச்சையாகத் தொங்கிக்கொண்டிருக்கும் செடியைச் சின்ன வயசில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். வாளி போகும்போதும் வரும்போதும் இடித்து ஆடும். மேலே கத்திரி வெயில் மண்டையைப் பிளக்கும்போதுகூட உள்ளே நிழல், குளிர்ச்சி, ஈரக் காற்று. முப்பதடி ஆழத்தில் ஒரு கொடைக்கானல். ஆடி மாசக் காற்று மலைப் பக்கமிருந்துதான் எங்கள் மேல் அடிக்கிறது. எந்த வருஷத்து ஆடியில் எந்த மலைத் தூள் பறந்து வந்து எந்தக் கிணற்றில் விழுந்ததோ, யார் கண்டது?

எங்கள் தெருவில் அப்படி ஒரு கிணறு, எங்கள் வீட்டிலிருந்து நாலாவது வீட்டின் கொல்லையில். என் மனைவி கல்யாணமாகி வந்தது 1981-ல். 1983 வறட்சியில் தெருவில் சவர் அடிக்காத தண்ணீர் அந்த ஒரு கிணற்றில்தான் இருந்தது. ராத்திரி ரெண்டு மணிக்குக் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். ஊற்று சுரந்து ஒரு வாளி சேர்வதற்குள் ஊர்க்கதை முழுக்க பேசி முடித்துவிடலாம். பன்னிரண்டு வீடு குடித்தது. எங்கள் மூத்தவள் அந்தத் தண்ணீரில்தான் பால் பவுடர் கரைத்து வளர்ந்தாள். அந்த வீட்டுப் பெரியவர் ஒருநாள்கூடக் கதவைச் சாத்தினது இல்லை.

பெரியவர் போய்ச் சேர்ந்துவிட்டார். போன வருஷம் பங்குனியில் சென்னையிலிருந்து பேரன் வந்தான். இடத்தை வாங்கினவர் வீடு கட்டப் போகிறார், அதற்கு முன்னால் கிணற்றை மூடிக் கொடுக்க வேண்டும் என்பது பேச்சு. தங்கமான பையன். மரியாதையாகத்தான் சொன்னான்.

"அங்கிள், கிணறு தென்கிழக்குல இருக்கு. அக்னி மூலையில தண்ணி இருக்கக் கூடாதாம். வாஸ்து."

அக்னி மூலையா! எங்கள் ஜில்லாவே அக்னி மூலைதானே தம்பி? சொல்லவில்லை, மனதுக்குள் வைத்துக்கொண்டேன்.

எட்டிப் பார்த்தேன். தண்ணீர் இல்லை. சுற்றிலும் எழுநூறு அடி, எண்ணூறு அடிக்கு போர் போட்டுவிட்டோம், முப்பதடிக் கிணற்றில் எப்படி இருக்கும்? ஆனால் ஒரு பக்கத்துச் சுவரில் ஈரம் கசிந்துகொண்டிருந்தது. அந்த ஈரத்தைப் பிடித்துக்கொண்டு ஏழெட்டுப் பச்சை இலைகள்.

தூர் எடுக்கிற அண்ணாச்சியை மனைவியே போய்க் கூட்டிக்கொண்டு வந்தாள். வெள்ளிக்கிழமை சல்லி லாரி வருகிறது. இது வியாழக்கிழமை சாயங்காலம்.

"மதினி, என்ன விழுந்து போச்சு? தங்கமா?"

"செடி. அந்தா பாருங்க. கல்லோட பேத்து எடுக்கணும்."

"அது ஒண்ணுக்கும் ஆகாதே! மாடுகூடத் திங்காது."

"அழகுக்கு."

அண்ணாச்சி என்னைப் பார்த்த பார்வையில் 'வீட்ல எல்லாம் சவுக்கியம்தானே?' என்று கேள்வி இருந்தது. கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கினார். உளிச் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் சத்தத்தைக் காணோம். பிறகு உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது. "இந்தச் செடி இருக்கிற கெணத்துல ஊத்துக்கண்ணு சாகாதும்பாரு எங்கய்யா."

யாரும் பதில் சொல்லவில்லை. கூடையில் மூன்று செங்கல்லும், அதில் வேரோடிய பெரணியும் மேலே வந்தன. மறுநாள் லாரி வந்தது. ஏழு லோடு பிடித்தது. இப்போது அங்கே மாடி வீடு எழும்பிக்கொண்டிருக்கிறது.

* * *

வாத்தியார் இலையைப் பார்த்ததுமே பெயரைச் சொல்லிவிட்டார். டெரிஸ் விட்டேட்டா. நடுத்தண்டின் ரெண்டு பக்கமும் ஏணிப்படி மாதிரி நீள நீளமாகச் சிற்றிலை. சுண்ணாம்பென்றால் உயிர். அதனால்தான் பழைய காரைச் சுவரைத் தேடித் தேடி வருகிறது. பாஸ்டன் அம்மாளைவிட வெயிலைக் கொஞ்சம் தாங்கும்.

இதற்கு இன்னொரு பிரதாபம் உண்டு. அமெரிக்காவில் ஃபுளோரிடாவில், மரத்துக்குச் செல் அரிக்காமல் மருந்து பூசுகிற இடம் ஒன்று. மண்ணெல்லாம் ஆர்செனிக் விஷம். அங்கே இந்தப் பெரணி மட்டும் மதமதவென்று வளர்ந்து நின்றது. லீனா மா என்கிற விஞ்ஞானியும் மற்றவர்களும் சோதித்து 2001-ல் 'நேச்சர்' பத்திரிகையில் எழுதினார்கள். மண்ணிலிருக்கிற ஆர்செனிக்கை உறிஞ்சி உறிஞ்சி இலையில் சேர்த்து வைக்கிறது. காய்ந்த இலை ஒரு கிலோவில் 20 கிராமுக்கு மேல்கூட! மற்றச் செடி அதில் துளி பட்டாலே சுருண்டுவிடும். இது அதைத் தின்றுவிட்டுப் பளபளவென்று நிற்கிறது. குடிதண்ணீரிலேயே ஆர்செனிக் இருந்து அவதிப்படுகிற மேற்கு வங்காளத்தில், வயல் மண்ணைச் சுத்தம் பண்ண இதை நட்டுப் பார்த்திருக்கிறார்கள்.

ஆர்செனிக் நமக்குத் தெரியாத ஆசாமி இல்லை. கந்தகத்தோடு சேர்ந்து சிவப்பாக இருந்தால் மனோசிலை. மஞ்சளாக இருந்தால் அரிதாரம். கூத்து மேடையில் முகத்தில் பூசினார்களே, அதே. பட்டாசில் ஆர்செனிக், பாதரசம், ஈயம், லித்தியம், ஆன்டிமனி ஐந்தும் கூடாது என்று சுப்ரீம் கோர்ட் 2017 ஜூலையில் உத்தரவு போட்டது. 2018 அக்டோபரில் பசுமைப் பட்டாசு தவிர வேறு கூடாது என்றது. அதிலிருந்து எங்கள் பக்கம் 'பசுமை' என்றால் செடி ஞாபகம் யாருக்கும் வருவதில்லை.

"விஷத்தைக் குடிச்சிட்டு அழகா நிக்குதா?" என்றாள் மனைவி. "அப்ப நீலகண்டன்னு பேர் வைங்க. சிவன் பேர்ல இருக்கிற ஊருக்குப் பொருத்தமாத்தான் இருக்கு."

நீலகண்டன் இப்போது எங்கள் வீட்டுப் பின்புறம், தொட்டிக்கும் சுவருக்கும் நடுவில், கிழக்கு வெயில் மட்டும் படுகிற மூலையில் அதே மூன்று செங்கல்லோடு இருக்கிறான். உங்கள் வீட்டில் பாஸ்டன் அம்மாளோ வேறு பெரணியோ உயிரோடு இருந்தால் உபயோகப்படும் என்பதற்காக நாங்கள் செய்வதைச் சொல்கிறேன். ஃபேன், ஏ.ஸி. காற்று மேலே படவிடாதீர்கள். ஜன்னல் உள்ள பாத்ரூம் அதற்கு ராஜபோகம். தட்டில் கூழாங்கல் பரப்பித் தண்ணீர் விட்டு, அதன்மேல் சட்டியை வையுங்கள். சட்டியின் அடி தண்ணீரில் முங்கக் கூடாது. உப்புத் தண்ணீர் ஊற்றினால் நுனி கருகும். முக்கியமாக, ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளுகிற தண்ணீரை வீணாக்க மனசில்லாமல் ஊற்றுகிறோம் பாருங்கள், அது வேண்டாம். உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. மழைத் தண்ணீர் நல்லது. ஏ.ஸி.யிலிருந்து சொட்டுகிற தண்ணீரும் நல்லது, உப்பே இல்லாதது. எங்களுக்கு ஏ.ஸி. இல்லை. எதிர்வீட்டு ஏ.ஸி. குழாய்க்குக் கீழே எங்கள் வாளி இருக்கிறது. பேச்சுவார்த்தை சுமுகமாக நடந்தது.

தெருவில் விஷயம் பரவி, "எங்களுக்கும் ஒரு கிளை ஒடிச்சுக் கொடுங்க" என்று கேட்க ஆரம்பித்தார்கள். அந்தக் கிணற்றுத் தண்ணீர் குடித்த வீடுகளில் ஆறு வீட்டுக்காரர்கள் இன்னும் தெருவில் இருக்கிறார்கள். கிளை ஒடித்து வைத்தால் வராதே? ஆகவே மனைவி முதிர்ந்த இலை ஒன்றை வெட்டி, பழைய காலண்டர் தாளின் வெள்ளைப் பக்கத்தில் வைத்து மூடினாள். காலையில் இலையை எடுத்தால், தாளில் ஒவ்வொரு சிற்றிலையின் ஓரமும் பழுப்புப் பொடியில் அச்சு எடுத்த மாதிரி விழுந்திருந்தது. முப்பது வருஷ சர்வீஸில் அவ்வளவு துல்லியமான ரிஜிஸ்டரை நான் பார்த்ததில்லை.

பொடியைக் கொதிக்க வைத்து ஆற்றின செங்கல் துண்டில் தூவி, பழைய கண்ணாடி ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குள் போட்டு மூடினாள். வடக்கு ஜன்னலில் வைத்து ரெண்டு மாசம் ஆகிறது. செங்கல்மேல் முதலில் பாசி மாதிரி பச்சை ஓடியது. போன வாரம் வாத்தியார் லென்ஸோடு வந்து பார்த்து, "இதயம் வந்துருச்சு தங்கச்சி, இருபது முப்பது இருக்கும். நாலு சொட்டுத் தண்ணி மேல படற மாதிரி விடுங்க. முகூர்த்தம்" என்றார். இங்க் ஃபில்லரால் விட்டாள்.

இன்னும் இலை வரவில்லை. தினமும் காலையில் பால் பாக்கெட்டை எடுக்கப் போவதற்கு முன்னால் பாட்டில் முன்னால் போய் நிற்கிறாள். நேற்று, கரண்ட் பில் கட்ட இன்றைக்குக் கடைசி நாள் என்று பின்னாலிருந்து சொன்னேன். திரும்பாமலே, "உஷ்" என்றாள்.